வயிற்றில் ஊதும் வாயு, தலைக்குள் ஏறும் அழுத்தம்

கர்ப்பப்பையை லேப்ராஸ்கோபி முறையில் அகற்றும்போது, முதலில் தொப்புள் அருகே சிறு துளை போட்டு வயிற்றுக்குள் கரியமில வாயுவை ஊதுவார்கள். வயிறு உப்பி, உறுப்புகள் ஒன்றையொன்று விட்டு விலகி, கேமராவுக்கு இடம் கிடைக்கும். அடுத்து மேசையைத் தலைப்பக்கமாகத் தாழ்த்துவார்கள். குடல் நெஞ்சுப் பக்கம் சரிந்துகொள்ள, இடுப்புக்குழி தெளிவாகத் தெரியும். அறுவை மருத்துவருக்கு இதைவிட வசதியான நிலை கிடையாது. சங்கடமெல்லாம் தலைமாட்டில் இருக்கும் மயக்க மருத்துவருக்குத்தான். நேரம் ஆக ஆக நோயாளியின் முகம் தடிக்கும், இமைகள் வீங்கும். வெளியே தெரிவது இவ்வளவு என்றால், மண்டை ஓட்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது? அங்கே நடப்பதைக் கூட்டவோ குறைக்கவோ மயக்க மருந்தால் முடியுமா?

வயிற்று ஆபரேஷனுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பெங்களூருவில் அப்படி யாரும் கேட்கமாட்டார்கள். மனநலத்துக்கும் மூளை, நரம்பு நோய்களுக்குமான நிம்ஹான்ஸ் ஓசூர் சாலையில் இருக்கிறது. மைசூர் அரசின் பழைய மனநல மருத்துவமனையும், 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிலையமும் 1974 டிசம்பர் 27 அன்று இணைந்து உருவான நிறுவனம் அது. 2012இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. மயக்கவியலில் எம்.டி. முடித்தவர்கள் மூளை, நரம்பு அறுவைகளுக்கான மயக்கவியலை மேற்கொண்டு மூன்றாண்டு டி.எம். படிப்பாகப் படிக்க நம் நாட்டில் உள்ள சில இடங்களில் அதுவும் ஒன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்தில் தலையில் அடிபட்டாலோ, மூளையில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தாலோ, பலர் வண்டி ஏறுவது அங்கேதான். அப்படிச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவருக்கு ஐந்தாறு வருடம் கழித்துப் பித்தப்பையில் கல் வரலாம், கர்ப்பப்பையில் கட்டி வரலாம். அப்போது அவர் போவது நிம்ஹான்ஸுக்கு அல்ல. கோரமங்களாவிலோ ஓசூரிலோ உள்ள பொது மருத்துவமனைக்கு. அங்கே அவருக்கு லேப்ராஸ்கோபி செய்யலாமா, செய்தால் எந்த மயக்க மருந்து என்ற கேள்வி எழும்.

மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. அதற்குள் மூன்றே பொருள்கள் உள்ளன: மூளை ஏறக்குறைய 80 சதவீதம், இரத்தம் 10 சதவீதம், மூளைத்தண்டுவட நீர் 10 சதவீதம். ஒன்று பெருத்தால் மற்றொன்று இடம்விட வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும். எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்றோ 1783இலும், அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி 1824இலும் எழுதிய கருத்து இது. பின்னால் வந்தவர்கள் திருத்தினாலும் அடிப்படை மாறவில்லை. படுத்திருக்கும் பெரியவர் ஒருவருக்குத் தலைக்குள் அழுத்தம் 7 முதல் 15 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். தலைக்காய நோயாளிக்கு 22-ஐத் தாண்டினால் சிகிச்சை தேவை என்கிறது 2016இல் வெளியான அமெரிக்க மூளைக்காய அறக்கட்டளையின் நெறிமுறை.

நல்ல மூளையில் அழுத்தம் சட்டென்று ஏறிவிடாது. கொஞ்சம் மூளைத்தண்டுவட நீர் முதுகெலும்புக் குழாய்க்குள் இறங்கும். கொஞ்சம் சிரை இரத்தம் கழுத்து வழியாக வடியும். இந்த இரண்டு வடிகால்களும் தாக்குப்பிடிக்கும்வரை பிரச்சினை இல்லை. லேப்ராஸ்கோபியோ இரண்டையும் ஒரே நேரத்தில் அடைக்கிறது. வயிற்றுக்குள் வாயு 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நிற்கிறது. அது பெருஞ்சிரையை நெருக்குவதால் முதுகெலும்புக் குழாயைச் சுற்றியுள்ள சிரைகள் புடைத்துக்கொள்கின்றன. கீழே இறங்கவேண்டிய நீருக்கு இடம் குறைகிறது. அதே வாயு உதரவிதானத்தை மேலே தள்ளி நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் கூட்ட, கழுத்துச் சிரை வடிவது தடைபடுகிறது.

இதற்குமேல் தலைகீழ்ச் சாய்வு. 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃப்ரீட்ரிக் டிரெண்டலென்பர்க் பெயரால் அறியப்படும் நிலை இது. இதயத்திலிருந்து தலை 30 செ.மீ. தள்ளி இருப்பதாகவும், மேசை 30 டிகிரி சாய்ந்திருப்பதாகவும் வைத்துக்கொண்டால், தலை இதயத்தைவிட 15 செ.மீ. கீழே போகிறது. 15 செ.மீ. உயர இரத்தத்தின் எடை ஏறக்குறைய 11 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குச் சமம். சாதாரண மகளிர் அறுவைகளில் இவ்வளவு சாய்வு எப்போதும் தேவைப்படாது. ரோபோ உதவியுடன் புரோஸ்டேட் சுரப்பியை அகற்றும்போது இதற்கு மேலும் போகும். பித்தப்பை ஆபரேஷனில் நிலைமை இதற்கு நேர்மாறு: அங்கே தலைப்பக்கத்தை உயர்த்துவார்கள். ஆகவே ‘லேப்ராஸ்கோபி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லா ஆபரேஷனையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

மூன்றாவது சங்கதிதான் மயக்க மருத்துவரின் கைக்குள் நேரடியாக அடங்குவது. ஊதிய கரியமில வாயு வயிற்றின் உள்சவ்வு வழியாக இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு கூடினால் மூளைத் தமனிகள் விரியும். ஒரு மி.மீ. பாதரசம் கூடினால் மூளைக்குப் பாயும் இரத்தம் ஏறக்குறைய 3 சதவீதம் கூடும் என்பது பாடநூல் கணக்கு. எட்டு மி.மீ. கூடிவிட்டால் கால் பங்கு அதிக இரத்தம் என்று ஆகிறது. அதனால் வென்டிலேட்டரைக் கூட்டி, வாயுவை மூச்சுவழி வெளியேற்றிக்கொண்டே இருக்கவேண்டும். மூச்சுக் காற்றில் வரும் கரியமில வாயுவைத் திரை காட்டும். ஆனால் நீண்ட அறுவையில் இரத்தத்தில் உள்ள உண்மை அளவு திரையில் தெரிவதைவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம். திரை 36 என்று காட்டுவதை நம்பி நிம்மதியாக இருப்பவருக்கு, தமனி இரத்தத்தைப் பரிசோதித்தால் அதிர்ச்சி காத்திருக்கும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். தலை தாழும்போது சிரை அழுத்தம் மட்டும் கூடுவதில்லை. தலைக்கு வரும் தமனியின் அழுத்தமும் அதே அளவு கூடுகிறது. மூளைக்கு இரத்தம் பாய்வது தமனி அழுத்தத்துக்கும் தலைக்குள் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. இரண்டும் சேர்ந்து ஏறினால் வித்தியாசம் பெரிதாகக் குறையாது. நல்ல உடல்நிலையில் உள்ளவர்கள் மணிக்கணக்கில் தலைகீழாகப் படுத்தும் மூளைக்குச் சேதமின்றி எழுந்துவருவது இதனால்தான்.

மருந்துக்கு வருவோம். இன்று நம் ஊர் ஆபரேஷன் தியேட்டர்களில் பெரியவர்களை மயக்கத்தில் வைத்திருக்க இரண்டு வழிகள் பெருவழக்கு. ஒன்று, செவோஃப்ளுரேன் போன்ற ஆவி மருந்தை வேப்பரைசர் வழியாக மூச்சுக் காற்றில் கலந்து தருவது. மற்றொன்று, புரோபோஃபாலைப் பம்ப் வைத்து நரம்பு வழியாகவே கடைசிவரை செலுத்துவது. டாக்டர்கள் இதை ‘டிவா’ என்பார்கள். ஆவியில் தொடர்ந்தாலும், ஆளைத் தூங்கவைக்கும் முதல் ஊசி பெரும்பாலும் புரோபோஃபாலாகத்தான் இருக்கும். பாலைப்போல வெளுத்த அந்த மருந்து சோயா எண்ணெயில் கரைத்த குழம்பு. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் அதை உருவாக்கிய ஜான் கிளென் படிப்பால் கால்நடை மருத்துவர். வேறு கரைப்பானில் கரைத்த முதல் வடிவம் ஒவ்வாமைத் தொல்லையால் கைவிடப்பட்டு, எண்ணெய்க் குழம்பாக மறுபடி செய்யப்பட்டு, 1986இல் சந்தைக்கு வந்தது. கிளெனுக்கு 2018இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இரண்டு மருந்துகளும் மூளையின் வேலையைக் குறைக்கின்றன. வேலை குறைந்தால் ஆக்சிஜன் தேவையும் குறையும். வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. புரோபோஃபாலில் தேவை குறையும் அளவுக்கு இரத்த ஓட்டமும் குறைகிறது. இரத்தம் குறைந்தால் தலைக்குள் இடம் கிடைக்கிறது. செவோஃப்ளுரேன் தேவையைக் குறைத்தாலும், இரத்தக் குழாய்களைத் தானே நேரடியாக விரிக்கவும் செய்கிறது. குறைந்த அளவில் இந்த இரண்டு விளைவுகளும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். அளவு கூடக்கூட விரிக்கும் குணம் மேலோங்கும். நம் அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலம் புழங்கிய ஹாலோத்தேனோடு ஒப்பிட்டால் செவோஃப்ளுரேன் எவ்வளவோ மேல். ஆவி மருந்துகளில் மூளைக் குழாய்களை மிகக் குறைவாக விரிப்பவற்றில் அதுவும் ஒன்று. நைட்ரஸ் ஆக்சைடைக் கூடச் சேர்த்தால் அந்த நல்ல பெயர் கெடும்.

மூளை அறுவையில் இந்த வேறுபாட்டை நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். டென்மார்க்கில் மூளைக் கட்டி உள்ள 117 பேரிடம் புரோபோஃபால், ஐசோஃப்ளுரேன் என்ற மற்றோர் ஆவி மருந்து, செவோஃப்ளுரேன் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வில், மண்டையைத் திறந்து மூளை உறைக்கு அடியில் அளந்தபோது புரோபோஃபால் பெற்றவர்களுக்கு அழுத்தம் குறைவாகவும், உறையைத் திறந்தபின் மூளை வீக்கம் குறைவாகவும் இருந்தது. மூளை இறுக்கமாக இருந்தால் ஆவியை நிறுத்திப் புரோபோஃபாலுக்கு மாறுவது நரம்பு அறுவை தியேட்டர்களில் வழக்கமான நடைமுறை.

வயிற்று ஆபரேஷனுக்கு வந்தவரின் மண்டையில் துளையிட்டு அழுத்தம் பார்க்க முடியாது. அதற்குக் கண் வழியாக ஒரு மாற்று கிடைத்தது. பார்வை நரம்பு என்பது மூளையின் நீட்சி. மூளையைச் சுற்றியுள்ள உறை அந்த நரம்பையும் சுற்றிக்கொண்டு கண்விழியின் பின்பக்கம்வரை வருகிறது. உறைக்குள் மூளைத்தண்டுவட நீரும் வருகிறது. தலைக்குள் அழுத்தம் ஏறினால் அந்த உறை புடைக்கும். மேல்நிலைத் தொட்டியின் பக்கவாட்டில் நீர்மட்டம் பார்க்க வைக்கும் கண்ணாடிக் குழாயைப் போன்றது இது.

அளக்கும் விதம் எளிமையானது, ஆனால் கை நிதானமாக இருக்கவேண்டும். மூடிய இமைமேல் ஒட்டும் ஒளிபுகு படலம் போட்டு, அதன்மேல் தாராளமாக ஜெல் வைத்து, நேர்கோட்டு அல்ட்ராசவுண்ட் கருவியை அழுத்தாமல் வைக்கிறார்கள். விழியை நசுக்கினால் இதயத்துடிப்பு குறையும். திரையில் விழி கறுத்த வட்டமாகத் தெரியும். அதன் அடியிலிருந்து நரம்பு ஒரு மங்கலான பட்டையாகக் கீழே இறங்கும். விழியின் பின்சுவரிலிருந்து சரியாக 3 மி.மீ. கீழே, பட்டைக்குக் குறுக்கே, உறையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை அளக்கிறார்கள். உறை விரிந்து கொடுப்பது அந்த இடத்தில்தான் அதிகம். இரு கண்களிலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அளந்து சராசரி எடுப்பது வழக்கம். அழுத்தம் கூடியிருக்கிறது என்று சொல்வதற்கான எல்லை 5 மி.மீ.யா, 5.8 மி.மீ.யா என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு. பேசும் வித்தியாசமே ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. கர்சரை ஒரு நூல் தள்ளி வைத்தால் முடிவு மாறும். அளப்பவருக்கு எந்தக் குழு எந்த மருந்து என்று தெரியாமல் வைக்காத ஆய்வை நான் நம்பத் தயங்குவேன்.

இந்த முறையை வைத்துச் செவோஃப்ளுரேனையும் புரோபோஃபாலையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வுகள் பத்தாண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. ரோபோ வழி புரோஸ்டேட் அறுவையில் தென்கொரியாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வும், ரோபோ வழி இடுப்புக்குழி அறுவைகளில் டெல்லியில் நடந்து 2019இல் வெளியான ஆய்வும் ஒரே திசையைக் காட்டின: புரோபோஃபால் தந்தவர்களுக்கு உறை புடைப்பது குறைவு. எல்லோரும் இதே திசையில் போகவில்லை. 2014இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று, ரோபோ புரோஸ்டேட் அறுவையின்போது உறையின் விட்டம் மாறவே இல்லை என்றது. சாய்வின் கோணம், வாயு அழுத்தம், கரியமில வாயுவை எவ்வளவு கறாராகக் கட்டுப்படுத்தினார்கள் என்பதெல்லாம் ஆய்வுக்கு ஆய்வு வேறு. கறாராகக் கட்டுப்படுத்திய இடத்தில் மருந்தின் பங்கு சிறிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

என் கணிப்பு இது. புரோபோஃபால் உறைப் புடைப்பைக் குறைக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் மூளையில் எந்த நோயும் இல்லாத ஒருவருக்கு அந்தச் சிறு வித்தியாசம் எழுந்தபின் என்ன நன்மை தருகிறது என்று கேட்டால், பதில் வலுவாக இல்லை. அவருக்கு வாயு அழுத்தத்தை 15-லிருந்து 10 அல்லது 12-க்குக் குறைப்பதும், சாய்வைத் தேவைக்குமேல் வைக்காததும், வேலை முடிந்ததும் மேசையை உடனே நிமிர்த்துவதும் மருந்தைவிடப் பெரிய விஷயங்கள். வாந்தி, குமட்டல் குறைவு என்ற வேறொரு நல்ல காரணத்துக்காகப் புரோபோஃபாலைத் தேர்ந்தெடுக்கலாம். அதைத் தலைக்குள் அழுத்தத்தின் பெயரால் விற்கவேண்டியதில்லை.

புரோபோஃபாலுக்கும் விலை உண்டு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு கிலோவுக்கு 6 மி.கி. என்று செலுத்தினால் மணிக்கு 36 மி.லி.; இரண்டு மணி நேர அறுவைக்கு, தூங்கவைக்கும் ஊசியையும் சேர்த்தால், 80 மி.லி.யைத் தாண்டும். நல்ல பம்ப் வேண்டும், மயக்கத்தின் ஆழத்தை நெற்றியில் ஒட்டிய மின்முனைகள் வழியாகக் காட்டும் ‘பிஸ்’ போன்ற கருவி வேண்டும். செவோஃப்ளுரேன் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதை ஒவ்வொரு மூச்சிலும் திரை சொல்லும். புரோபோஃபாலுக்கு அந்த வசதி கிடையாது. துணிக்கு அடியில் நரம்பூசி நழுவி மருந்து மெத்தையில் வழிந்தால், நோயாளி உணர்வோடு கிடப்பதை யாரும் அறியாமல் போகும் ஆபத்து உண்டு. அறுவையின் நடுவே விழிப்பு வருவது பற்றி பிரிட்டனில் நடந்து 2014இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு இதைத் தனியாக எச்சரித்தது. தவிர, புரோபோஃபால் இரத்த அழுத்தத்தை இறக்கும். தலைக்குள் அழுத்தம் 3 குறைந்து, இரத்த அழுத்தம் 20 குறைந்தால் மூளைக்கு நஷ்டம்தான்.

பெங்களூருக்கே உரிய ஒரு சிறு சிக்கலையும் இங்கே சொல்லிவிடலாம். நகரம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது; காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. மூளை உணர்வது மருந்தின் பகுதி அழுத்தத்தை. திரையில் செவோஃப்ளுரேன் 2 சதவீதம் என்று இருந்தால், சென்னையில் அது 15 மி.மீ. பாதரசம், பெங்களூருவில் 14-க்குள். சென்னையில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வரும் இளம் மருத்துவர் எண்ணை மட்டும் பார்த்தால் கொஞ்சம் குறைவாகவே கொடுத்துக்கொண்டிருப்பார். இதைப் பெரிய ஆபத்து என்று சொல்லமாட்டேன். ஆனால் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கை வைத்து மருந்துகளை ஒப்பிடும் ஆய்வில் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

மருந்துத் தேர்வு உண்மையில் முக்கியமாவது வேறு சிலருக்கு. காசநோய் மூளைக்காய்ச்சல், நாடாப்புழு முட்டையால் மூளையில் வரும் கட்டி, பிறவிக் குறை ஆகியவற்றால் மூளையில் நீர் தேங்கி, அதை வயிற்றுக்குள் வடிக்கும் ஷன்ட் குழாய் வைத்துக்கொண்டவர்கள் நம் நாட்டில் ஏராளம். உத்தரப்பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்ட் பல ஏழைக் குழந்தைகளின் தலையில் இருக்கிறது. உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் அதை விலையுயர்ந்த அமெரிக்க ஷன்டோடு ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆய்வில் ஓராண்டுப் பலன்களில் வித்தியாசம் தெரியவில்லை. அப்போதைய விலையோ முறையே 35 டாலர், 650 டாலர். அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகி, குடல்வால் அழற்சியோடு வருகிறார்கள். ஷன்ட் குழாயின் மறுமுனை வயிற்றுக்குள் இருக்கிறது. வயிற்றில் வாயுவை ஊதினால் அது குழாய் வழியாக மூளைக்கு ஏறிவிடுமோ என்பதுதான் எல்லோருக்கும் வரும் பயம். ஒருவழி வால்வு இருப்பதால் அது அவ்வளவு எளிதில் நடக்காது; ஆய்வகச் சோதனைகளில் வால்வுகள் 15 மி.மீ.யைவிடப் பன்மடங்கு எதிர் அழுத்தத்தைத் தாங்கின. கவலைப்படவேண்டியது மறுதிசையில்: வயிற்றில் 15 மி.மீ. அழுத்தம் நிற்கும்போது தலையிலிருந்து நீர் வடிய மறுக்கும். அந்த ஒரு மணி நேரம் ஷன்ட் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்கிறது. இவருக்குப் புரோபோஃபால், குறைந்த வாயு அழுத்தம், குறைந்த சாய்வு, கரியமில வாயுவில் கறார்க் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்தே தேவை. நடுநடுவே கண்ணில் ஒரு ஸ்கேன் பார்ப்பதும் வீணல்ல.

இரு சக்கர வாகன விபத்தில் தலையிலும் வயிற்றிலும் அடிபட்டு வருபவர் இன்னொருவர். வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதா என்று லேப்ராஸ்கோபி வைத்துப் பார்க்கும் ஆசை இளம் அறுவை மருத்துவருக்கு வரும். 1990களிலேயே பன்றிகளில் செய்த சோதனைகள், வாயு ஊதியதும் தலைக்குள் அழுத்தம் ஏறுவதைக் காட்டின. தலைக்காயம் உறுதியானால், என் பார்வையில், எந்த மயக்க மருந்தும் அந்த ஆசையை நியாயப்படுத்தாது, சி.டி. ஸ்கேனும், தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்பதுமே சரி.

வாயுவே இல்லாமல் செய்யும் வழியும் உண்டு. வயிற்றுச் சுவரைக் கொக்கிபோன்ற கருவியால் தூக்கிப் பிடித்து, முதுகுத்தண்டு ஊசி மயக்கத்திலேயே லேப்ராஸ்கோபி செய்யும் முறையைத் தமிழரான அறுவை மருத்துவர் ஜே. ஞானராஜ் வடகிழக்கு மாநிலங்களின் ஊர்ப்புறங்களில் கொண்டுபோனார். அங்கே காரணம் செலவும் வசதிக்குறைவும்தான். மூளை அழுத்தம் அல்ல. ஆனால் வாயுவால் வரும் தொல்லை அதில் இல்லை. இறுக்கமான மூளை உள்ளவர்களுக்கு முதுகில் ஊசி போடுவது தனி ஆபத்து என்பதால், அவர்களுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முழு மயக்கத்தோடு சேர்த்து யோசிக்கலாம்.

லேப்ராஸ்கோபிக்கு நாள் குறித்த எவரும் அறுவைக்கு முன் மயக்க மருத்துவரைப் பார்ப்பார்கள். பெங்களூரு மருத்துவமனைகளில் ‘பி.ஏ.சி.’ என்று சீட்டில் எழுதித் தருவார்கள். பல் ஆடுகிறதா, ஆஸ்துமா உண்டா என்று அங்கே கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள். தலையில் எப்போதாவது அடிபட்டு மருத்துவமனையில் இருந்தீர்களா, ஷன்ட் இருக்கிறதா, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கண்ணில் அழுத்தம் என்று சொட்டு மருந்து போடுகிறீர்களா, காலையில் வாந்தியோடு தலைவலி வருகிறதா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். பழைய நிம்ஹான்ஸ் டிஸ்சார்ஜ் சீட்டும் ஸ்கேன் படமும் வீட்டு அலமாரியில் இருந்தால், அன்று கையோடு எடுத்துப்போங்கள்.